நீலமலை ஏறிய தாவர அறிஞர்

முன்னுரை

புதுச்சேரி கடலை அடுத்து அமைந்த எழில் நகரம். கிழக்கே வங்கக் கடலின் அலைகள் ஓயாது ஒலிக்கும். மேற்கே வயல்களும் ஏரிகளும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கும். நகருக்கு வெளியே செம்மண் மேடாக உயர்ந்து நிற்கும் கோரிமேடே அவ்வூர்ச் சிறுவர் அறிந்த உயரமான இடமாகும். மலையென்று சொல்லத்தக்கது அங்கு ஒன்றும் இல்லை.

அத்தகைய சமவெளி நகரில் வாழ்ந்த அறிஞர் ஒருவர், நோயால் நலிந்த உடலோடு, பாதையும் இல்லாத காலத்தில், நீலமலைக்கு ஏறிச் சென்றார். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த கொடுமுடியாகிய தொட்டபெட்டா, 2,637 மீட்டர் உயரத்தில், அம்மலையிலேதான் நிற்கின்றது. அவர் பொன்னைத் தேடிச் சென்றாரல்லர். போர் செய்யவும் சென்றாரல்லர். மலையில் முளைத்த செடியையும் கொடியையும் கண்டறியவே சென்றார். அவர் பெயர் இலெசெனோ தெ லா தூர். பிரெஞ்சு நாட்டில் பிறந்து, பல கடல்களைக் கடந்து, புதுச்சேரியில் தங்கித் தொண்டு புரிந்த அப்பெரியாரின் வாழ்க்கை அறியத்தக்கதொன்றாகும்.

பிறப்பும் கல்வித் துறையும்

இலெசெனோ 1773ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள், பிரெஞ்சு நாட்டில் சோன் ஆற்றங்கரையிலுள்ள சலோன் என்னும் ஊரில் பிறந்தார். ழான் பாப்டிஸ்து என்பது அவரது நீண்ட பெயரின் முற்பகுதி.

அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1753ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு என்பார் உலகிலுள்ள செடிகொடிகளுக்கெல்லாம் இரு சொற்களால் ஆகிய பெயரிடும் முறையைத் தம் நூலில் கையாண்டார். முதற்சொல் குடும்பப் பெயர் போன்றது. இரண்டாம் சொல் தன் பெயர் போன்றது. இம்முறை பரவியதும், எந்நாட்டில் எச்செடி வளர்கின்றதென்று தேடித் தொகுக்கும் ஆர்வம் ஐரோப்பாவெங்கும் பெருகிற்று. அக்காலத்தே வளர்ந்த இலெசெனோ தாவர நூலையே தம் வாழ்க்கைத் தொழிலாக மேற்கொண்டார்.

தாவரங்களைத் தொகுப்பது எளிய செயலன்று. இலையும் பூவும் காயும் சிதையாமல் செடியைப் பறித்தல் வேண்டும். அதனைத் தாள்களுக்கிடையே பரப்பி, மேலே பாரம் வைத்து, ஈரத்தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துதல் வேண்டும். பறித்த இடமும் நாளும் குறித்து வைத்தல் வேண்டும். ஒரு மழை நாளில் கவனம் தவறினாலும் பூஞ்சை பிடித்துப் பல நாள் உழைப்பு பாழாகிவிடும். கப்பலிலோ கரப்பானும் எலியும் கடல்நீரும் அதற்குப் பகையாகும். பொறுமையே இத்தொழிலின் முதற்பொருள்.

தென்கடற் பயணம்

1800ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள், இலெ ஆவ்ர் என்னும் துறைமுகத்திலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. புவியியலார், இயற்கையியலார் என்னும் பொருள்பட அவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர். அப்பொழுது பிரெஞ்சு நாட்டின் ஆட்சித் தலைவராயிருந்த நெப்போலியன் அப்பயணத்திற்கு இசைவு அளித்திருந்தார். ஆத்திரேலியக் கரைகளை ஆராய்ந்து வருமாறு நிக்கோலா போதேன் என்னும் தலைவரின்கீழ் அக்கப்பல்கள் சென்றன. இலெசெனோ அக்குழுவின் தலைமைத் தாவர அறிஞராக அமர்ந்தார்.

1801ஆம் ஆண்டின் நடுவில் கப்பல்கள் ஆத்திரேலியாவின் மேலைக் கரையை அடைந்தன. ஐரோப்பியர் அதுகாறும் கண்டிராத செடிகள் பலவற்றை இலெசெனோ அங்குத் தொகுத்தார். ஆயினும் அப்பயணம் துன்பம் மிக்கதாக இருந்தது. நோயும் உணவுக் குறையும் குழுவினரை வாட்டின. அறிஞர்களுள் சிலர் இறந்தனர். சிலர் இடையே விலகினர். 1803ஆம் ஆண்டில் இலெசெனோவும் கொடிய நோய்வாய்ப்பட்டார். மேலும் கடலில் செல்ல இயலாத நிலையில் அவரைத் திமோர்த் தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் சென்றது. தலைவர் போதேனும் அவ்வாண்டே செப்டம்பர்த் திங்களில் மொரீசுத் தீவில் உயிர்நீத்தார்.

இலெசெனோ அரும்பாடுபட்டுத் தொகுத்த செடிகள் அவருக்கு முன்னரே பிரெஞ்சு நாட்டை அடைந்தன. அவர் நாடு திரும்புவதற்குள் வேறு அறிஞர்கள் அவற்றுட் பலவற்றை ஆராய்ந்து, பெயரிட்டு, நூல்களில் வெளியிட்டுவிட்டனர். உழுதவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்றாயிற்று. இத்தகைய ஏமாற்றம் பலரைத் தொழிலினின்றும் விலக்கிவிடும். இலெசெனோவை அது விலக்கவில்லை.

சாவகத் தீவில்

திமோரில் உடல் ஓரளவு தேறியதும் இலெசெனோ சாவகத் தீவுக்குச் சென்றார். ஏறத்தாழ மூன்றாண்டு அத்தீவில் தங்கி, அதன் காடுகளையும் மலைகளையும் ஆராய்ந்தார்.

அந்நாளில் சாவகத்து நச்சுமரம் ஒன்றைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு கதை பரவியிருந்தது. அம்மரத்தைச் சுற்றிப் பல கல் தொலைவுக்குப் புல்லும் முளையாதென்றும், பறவையும் பறவாதென்றும், அருகிற் சென்றவர் உயிர்பிழையாரென்றும் மக்கள் நம்பினர். இலெசெனோ அம்மரத்தை நேரிற் சென்று கண்டார். அதன் பாலில் நஞ்சு உண்டு என்பதும், அப்பாலை அம்பு முனையில் தோய்ப்பர் என்பதும் உண்மை. நிழலே கொல்லும் என்பது வெறுங்கதை. இவ்வுண்மையை ஆராய்ந்து 1810ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அம்மரத்திற்கு இன்று வழங்கும் தாவரநூற் பெயர் அவர் இட்டதேயாகும்.

சாவகத்தின் கீழைப் பகுதியில் இஜென் என்னும் எரிமலை உள்ளது. அதன் வாயினுள் பசுநீல நிறமான ஏரியொன்று கிடக்கின்றது. அது நீரேரியன்று, கடும் புளிம ஏரி. கந்தகப் புகை சூழ்ந்த அம்மலைமீது 1805ஆம் ஆண்டில் இலெசெனோ ஏறி, அவ்வேரியைக் கண்டு, அதன் தன்மையை எழுதி வெளியிட்டார். இவ்வாறு மலையேறி ஆராய்தல் அவருக்கு முன்னரே பழகிய செயலாயிருந்தது. 1807ஆம் ஆண்டில் செடிகளும் பறவைகளும் அடங்கிய பெருந்தொகுதியுடன் அவர் தாயகம் திரும்பினார்.

புதுச்சேரி வருகை

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நிகழ்ந்த நெடும்போரில் புதுச்சேரி பலமுறை கைமாறிற்று. நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படி, 1816ஆம் ஆண்டின் இறுதியில் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவ்வாண்டு மே திங்களிலேயே இலெசெனோ இந்தியாவை நோக்கிப் புறப்பட்டிருந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மன்னரின் தாவர அறிஞர் என்னும் நிலையில் அவர் புதுச்சேரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டார்.

அவரது பணி அறிவுக்காக மட்டும் அமைந்ததன்று. போரில் பல நாடுகளை இழந்த பிரெஞ்சு அரசு, எஞ்சிய தீவுகளிலாவது பயன்தரும் பயிர்களை வளர்த்துப் பொருளீட்ட விரும்பிற்று. ஆதலின் இந்தியாவில் விளையும் பயிர்களின் விதைகளையும் கன்றுகளையும் திரட்டி அனுப்புவது அவர் கடமையாயிற்று. இரு வகைக் கரும்பும் ஆறு வகைப் பருத்தியும் அவ்வாறு அவர் அனுப்பியவற்றுள் அடங்கும். அவற்றை ரெயூனியன் தீவில் பயிரிட்டனர். நம் நாட்டு உழவர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய பயிர்வளமே அவ்வாறு கடல்கடந்து சென்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

தென்னிந்தியாவின் பெரும்பகுதி அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நேற்றுவரை பகைநாட்டினராயிருந்தும், ஆங்கிலேயர் அவருக்குத் தங்கள் எல்லையுள் பயணம் செய்ய இசைவு தந்தனர். அறிவுத் துறைக்குப் பகைமையில்லை என்பதற்கு இது ஒரு சான்றாகும். சேலம், கோயம்புத்தூர் முதலிய இடங்களுக்கு அவர் சென்றார். வெயிலும் மழையும் கருதாது அலைந்ததன் பயனாக அவர் உடல் மீண்டும் நலிவுற்றது.

நீலமலையை நோக்கி

கோயம்புத்தூருக்கு வடமேற்கே வானத்தை அளாவி நிற்பது நீலமலை. சமவெளியிலிருந்து நோக்குவார்க்கு அது நீலநிறச் சுவர்போலத் தோன்றும். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் நெடுங்காலமாக அம்மலையில் வாழ்ந்து வந்தனர். ஆயினும் ஆங்கிலேய அதிகாரிகள் அதனைப் பற்றி மிகுதியும் அறிந்திலர். அடிவாரக் காட்டிலே காய்ச்சல் மிகுதி என்பதால் அங்குச் செல்ல யாவரும் அஞ்சினர். கெட்ட காற்றே காய்ச்சலைத் தருவதென்று அக்காலத்தார் எண்ணினர். கொசுவினால் அது பரவுகின்றதென்னும் உண்மை 1897ஆம் ஆண்டில் ரொனால்டு இராசு என்பார் செகந்தராபாத்தில் செய்த ஆராய்ச்சியால் வெளிப்பட்டது.

1818ஆம் ஆண்டில் இளைய அதிகாரிகள் இருவர் மலைமேல் ஏறித் திரும்பி, அங்கே குளிர்ந்த காற்று வீசுகின்றதென்று கூறினர். அப்பொழுது கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்தவர் சான் சல்லிவன். அவர் 1819ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள் ஒரு குழுவினருடன் புறப்பட்டார். செங்குத்தான பாறைகளும் கொடுவிலங்குகளும் நிறைந்த வழியில் ஆறு நாள் சென்று மேட்டுநிலத்தை அடைந்தார். குழுவினருள் சிலர் வழியிலேயே உயிரிழந்தனர் என்பதிலிருந்து அவ்வழியின் கடுமையை உணரலாம்.

அவ்வாண்டு மே திங்களில் சல்லிவன் மறுமுறையும் மலைக்குப் புறப்பட்டார். இம்முறை அவருடன் சென்றவர் இலெசெனோ. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவர் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கண்டவர் ஐயுறும் அளவுக்கு அவர் உடல் தளர்ந்திருந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் செல்லும் பாதை 1823ஆம் ஆண்டிலேதான் அமைந்து முடிந்தது. ஆகவே அவர் சென்ற காலத்தில் செப்பனிட்ட வழி ஏதும் இல்லை. ஏற்றமோ கடுமையானது, அடிவாரமோ காய்ச்சல் நிலம். அந்நிலையிலும் அவர் அஞ்சிப் பின்வாங்கவில்லை.

மலை தந்த உயிர்

மேலே செல்லச் செல்ல வெப்பம் தணிந்தது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறைவது இயற்கை. கோத்தகிரியை அடுத்த திம்பட்டி என்னும் பள்ளத்தாக்கில் சல்லிவன் தமக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மே திங்களின் வெயிலில் கோயம்புத்தூர்ச் சமவெளி காய்ந்து கிடக்க, அப்பள்ளத்தாக்கிலே தண்காற்று வீசிற்று. இலெசெனோவின் உடல் சில நாளிலேயே தேறத் தொடங்கிற்று. மருந்தால் தீராத தளர்ச்சி மலைக்காற்றால் தீர்ந்தது. நீலமலைக் காற்று நோயாளருக்கு நலந்தரும் என்னும் செய்தி பரவுவதற்கு அவர் நலம்பெற்றதும் ஒரு காரணமாயிற்று. பின்னர் உதகமண்டலம் பெரிய நகரமாக வளர்ந்ததற்கு அச்செய்தியே வித்து எனலாம்.

நலம்பெற்றவர் வாளா இருந்தாரல்லர். உடனே தம் பணியைத் தொடங்கினார். நீலமலையின் மேட்டுநிலம் தாவர அறிஞருக்கு ஒரு கருவூலம். புல்வெளி அலையலையாகக் கிடக்கும்; அதன் மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைகள் காணப்படும். காட்டுப்பூவரசு செந்நிறப் பூக்களைச் சூடி நிற்கும். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மலையையே நீலமாக்கும். ஐரோப்பாவிலும் இமயத்திலும் காணும் செடிகளின் இனத்தவை, வெப்பநாட்டின் நடுவே இவ்வுயரத்தில் தனித்து வாழும். இலெசெனோ இங்குள்ள செடிகளைத் தொகுத்து, உலர்த்தி, பாரிசு நகரக் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். நீலமலைச் செடிகளைத் தாவரநூல் முறையில் முதன்முதல் தொகுத்தவராக அவர் போற்றப்படுகின்றார்.

மலைச்செடிகளை அவரே முதலிற் கண்டார் என்று எண்ணுதல் பிழையாகும். தோடரும் படகரும் அவற்றின் பெயரும் பயனும் முன்னரே அறிந்திருந்தனர். நம் முன்னோர் மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று பூவின் பெயரையே நிலத்திற்கு இட்டனர். கபிலர் தாம் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறினார். ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ்நெறியை அறிவித்தற்பொருட்டு அப்பாட்டு எழுந்தது என்பர். தமிழ்மலையின் பூக்களை வேற்றுநாட்டார் அறியும் வாயில் இலெசெனோவின் உழைப்பால் மீண்டும் ஒருமுறை திறந்தது. மலைவாணர் வாய்மொழியாக அறிந்ததை உலகம் எழுத்தில் அறியலாயிற்று. இதுவே அவர் செய்த பேருதவி.

இறுதிக் காலம்

நீலமலையிலிருந்து திரும்பிய பின்னும் அவர் ஓய்வு கொள்ளவில்லை. இலங்கைக்கும் சென்று ஆராய்ந்தார். 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக்குத் திரும்பினார். தம் இந்தியப் பயணத்தின் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். அவர் தொண்டைப் பாராட்டி அரசு அவருக்கு உயர்ந்த விருதொன்றை வழங்கிற்று.

ஓராண்டு கழிந்ததும் அவர் மீண்டும் கப்பலேறினார். தென்னமெரிக்காவில் பிரேசில், சூரினாம், பிரெஞ்சுக் கயானா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். கயானாவில் தேயிலைச் செடியை அறிமுகப்படுத்தினார். பதினெட்டுத் திங்களுக்குள் உடல்நலம் குன்றவே நாடு திரும்ப நேர்ந்தது. இம்முறை அவரைத் தேற்றுதற்கு அருகில் ஒரு நீலமலை இல்லை. 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், பாரிசு நகரில், தம் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

அவ்வாண்டிலேயே புதுச்சேரியில் தாவரத் தோட்டம் தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் அங்கு வந்த பெரோத்தே என்னும் தாவர அறிஞர் நீலமலையை மேலும் ஆராய்ந்து, புதுச்சேரியிலேயே நெடுங்காலம் வாழ்ந்து, 1870ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மறைந்தார். 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், மேலைத் தொடர்ச்சி மலையின் செடிகளை உலர்த்திச் சேர்த்த தொகுதியொன்று பேணப்படுகின்றது. கடற்கரை நகரில் மலைச்செடிகளைக் காக்கும் மரபு இவ்வாறு தொடர்ந்து வந்துள்ளது.

நிலைத்த பெயர்

ஆத்திரேலியாவில் மலரும் அழகிய செடியினம் ஒன்றுக்கு இராபர்ட்டு பிரௌன் என்னும் அறிஞர் 1810ஆம் ஆண்டில் இலெசெனோவின் பெயரைச் சூட்டினார். அப்பெயரை எழுதுகையில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. தாவரநூல் முறைப்படி அப்பிழையுடனேயே அது இன்றும் வழங்குகின்றது. நீலமலையில் வெண்ணிற மலர் பூக்கும் காசித்தும்பை வகையொன்றும் அவர் பெயரைத் தாங்கும். இலையைக் கசக்கினால் மணம் வீசுவதும், மூட்டுவலிக்குத் தடவும் தைலம் தருவதுமான நீலமலைப் புதர்ச்செடி ஒன்றுக்கும் அவர் பெயரே இடப்பெற்றது. நோயுற்று மலையேறியவர் பெயரை நோய் தீர்க்கும் செடி ஏற்றது பொருத்தமேயாகும்.

பழந்தின்னும் வௌவால் ஒன்றும், முட்புதர்களிடையே தத்தித் திரியும் குயிலினப் பறவை ஒன்றும், நம் ஊர் மரப்பட்டைகளில் ஒட்டிக் கிடக்கும் பல்லி ஒன்றும் அவர் பெயராலேயே அறிவியல் நூல்களில் வழங்குகின்றன. தம் பெயரை நிலைநாட்ட அவர் மண்டபம் எழுப்பவில்லை, சிலை நாட்டவில்லை. பூவும் பறவையுமே அவருக்கு நினைவுச் சின்னங்களாயின.

முடிவுரை

இன்று தொட்டபெட்டாவின் உச்சிவரை நல்ல சாலை உள்ளது. ஊர்தியில் சென்று, சிறிது நேரம் நின்று, நாற்புறமும் நோக்கித் திரும்புவோர் பலர். அவர்களுள் காலடியில் மலர்ந்த செடியைக் குனிந்து நோக்குவோர் சிலரே. மலையின் உயரத்தை ஏறியவர் அனைவரும் அடைவர். மலையின் வளத்தை உற்று நோக்கியவரே அடைவர்.

இலெசெனோ பிறர் கொண்ட பெருமைக்காகத் தம் தொழிலைக் கைவிடவில்லை. உடல் தளர்ந்தபோதும் ஊக்கம் தளரவில்லை. பொய்க்கதையை நம்பாமல் நேரிற் சென்று உண்மை கண்டார். நாமும் நம் ஊரிலுள்ள மரஞ்செடிகளின் பெயரையும் இயல்பையும் அறிந்து அவற்றைப் பேணுவோமாக. அதுவே அப்பெரியாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.